லட்சுமம்மா திரும்பி வந்த சனிக்கிழமை

முகத்தைப் பார்க்காமலே கழுத்துக்குப் பின்னால் கைவைத்துத் தலையைக் குனிய வைத்தாள் சொர்ணம். சீப்பால் முடியைத் தூக்கிக் கத்தரியை ஓட்டினாள். நரைத்த கற்றைகள் மடியில் விழுந்தன. பேன் அதிகம். காதோரம் வந்தபோது குனிந்த தலையிலிருந்து குரல் வந்தது.

"மெதுவாடி சொர்ணம். தோலும் சேந்து வந்துடப் போவுது."

கத்தரி நின்றது.

அந்தக் குரலுக்கு உரியவளைச் சொர்ணம் போன மாதம் மண்ணில் இறக்கியிருந்தாள். பெட்டியின் மேல் மூன்று பிடி மண் போட்டிருந்தாள். இப்போது அந்தத் தலை அவள் உள்ளங்கையில் சூடாக இருந்தது.

"இன்னாடி நின்னுட்ட? அரிக்குது."

சொர்ணம் சுற்றி முன்னால் வந்தாள். நாற்காலியில் லட்சுமம்மா உட்கார்ந்திருந்தாள். பாதி தலை வெட்டியும் பாதி வெட்டாமலும், கன்னம் ஒட்டிப்போய், வெற்றிலைக் கறை படிந்த இரண்டு முன்பற்களோடு.

"ஏசுவே" என்றாள் சொர்ணம். தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பெங்களூர் ஈஜிபுராவில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தின் பின்கட்டு அது. சனிக்கிழமைதோறும் தெருவில் படுக்கும் பெண்களை அங்கே அழைத்து வருவார்கள். வெந்நீர் குளியல், முடிவெட்டு, மாற்றுத்துணி, சோறு. டீனா மிஸ் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பவள். குழுவை அவள்தான் நடத்தினாள். சொர்ணத்துக்கு முடி வெட்டும் வேலை.

சொர்ணம் கோலார் தங்கவயலில் பிறந்தவள். அப்பா சுரங்கத்தில் இறங்கியவர். பெண் பிறந்ததும் வேறு பெயர் யோசிக்கவில்லை. சுரங்கத்தை மூடிய பிறகு தினமும் ரயிலேறிப் பெங்களூர் வந்து போன கூட்டத்தில் அவளும் ஒருத்தி. கார்மென்ட்ஸில் நூல் பிசிறு வெட்டினாள். பிறகு ஒரு பார்லரில் தரை கூட்டினாள். கூட்டுகிறபோது பார்த்துப் பார்த்தே வெட்டப் பழகினாள். ஆட்டோ ஓட்டும் கிளெமென்டைக் கட்டிக்கொண்டு ஈஜிபுராவுக்கு வாடகைக்கு வந்தாள். பிள்ளை இல்லை. விவேக் நகர் குழந்தை ஏசு கோயிலுக்கு ஒவ்வொரு வியாழனும் போய் அழுதாள். ஒரு வியாழன் அழுகை வரவில்லை. அன்றைக்குத்தான் டீனா மிஸ் வாசலில் நிறுத்திக் கேட்டாள்: "அக்கா, உங்களுக்கு முடி வெட்டத் தெரியுமாமே?"

தெருவில் கிடக்கும் தலையை யாரும் தொட மாட்டார்கள். சோறு போடுகிறவர்கள்கூட தட்டை எட்ட நின்று நீட்டுவார்கள். சொர்ணம் தொட்டாள். சடையை வெட்டினாள், புண்ணில் மருந்து வைத்தாள். பேன் ஏறாதிருக்க எல்லாருக்கும் ஒரே வெட்டு, காதுக்கு மேல் ஒட்ட. பிறகு கட்டாக வந்த நைட்டிகளில் ஒன்று. ஏற்றுமதியில் கழித்துப் போட்டது. நீலத்தில் மஞ்சள் பூ. மாதக் கடைசியில் அந்தப் பக்கத்துப் பாலங்களுக்கு அடியில் ஒரே பூ, ஒரே தலை.

"எப்படிக்கா இவங்கள அடையாளம் வச்சிருக்கீங்க?" என்று டீனா ஒருமுறை கேட்டாள்.

"மொகம் மாறும் மிஸ். ஒருநாள் வீங்கும், ஒருநாள் வத்தும். தலை மாறாது. கண்ண மூடிக்கிட்டு சொல்லுவேன்."

அதனால்தான் பாலத்தடியில் ஒரு பெண் செத்துக் கிடந்தபோது போலீஸ் டீனாவுக்குப் போன் செய்ய, டீனா சொர்ணத்தைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிப் பிணவறைக்குப் போனாள். முகம் ஊதிக் கறுத்திருந்தது. நைட்டி நீலம், பூ மஞ்சள். லட்சுமம்மாவை இரண்டு சனிக்கிழமையாகக் காணவில்லை. சொர்ணம் தலையைக் கையில் ஏந்தினாள். ஐஸ் மாதிரி இருந்தது. காதுக்கு மேலே விரலால் தடவிப் பார்த்தாள்.

"என் வெட்டுதான் மிஸ்" என்றாள். "லட்சுமம்மா."

மகன் இருக்கிற இடமும் அவளுக்குத்தான் தெரியும். லிங்கராஜபுரத்தில் பஞ்சர் கடை, பெயர் முனிராஜ். நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் லட்சுமம்மா சொல்வாள்: ராஜா மாதிரி இருக்கிறான், மருமகளுக்கும் எனக்கும்தான் ஆகவில்லை. வெளியே போகச் சொன்னது யார் என்று அவள் சொன்னதில்லை.

முனிராஜ் செய்தி கேட்டு அடுக்கி வைத்த டயர்கள்மேல் விழுந்து அழுதான். கிரீஸ் கையால் முகத்தில் அறைந்துகொண்டான். பிணத்தைப் பார்க்கச் சொன்னபோது பின்வாங்கினான். "நீங்க பாத்தீங்க இல்லக்கா. போதும். நான் பாத்தா தாங்க மாட்டேன்." பார்க்காமலே கையெழுத்துப் போட்டான். கல்லறையில் அவன் பெட்டியை மூடிய துணிமேல் விபூதி வைத்தான், டீனா நித்திய இளைப்பாற்றி ஜெபம் சொன்னாள், யாரும் தடுக்கவில்லை. பெட்டிக்கு ஒரு பக்கம் கிளெமென்ட் தோள் கொடுத்தான். பதினோராம் நாள் காரியத்துக்கு முனிராஜ் மொட்டை போட்டுக்கொண்டு சொர்ணத்தை வீட்டுக்குக் கூப்பிட்டான். இலையில் வடையும் பாயசமும் பரிமாறினார்கள். சொர்ணம் வயிறாரச் சாப்பிட்டாள்.

இப்போது அந்தப் பாயசம் நினைவுக்கு வர, தரையிலிருந்து எழுந்தாள்.

"எங்க போய்த் தொலைஞ்ச?" என்று கத்தினாள்.

"ஏண்டி கத்துற? ரயில்ல ஏறி ஒக்காந்தேன். தூங்கிட்டேன். ஜோலார்பேட்டைல எழுப்பி எறக்கி வுட்டான். அங்க ஒரு டீக்கடைக்காரன் பன்னு குடுத்தான். நல்ல பன்னு. இருந்துட்டேன்."

டீனா வாளியோடு வந்தவள் வாசலிலேயே நின்றாள். வாளி கையை விட்டு நழுவியது. வெந்நீர் முடிக்கற்றைகளை அடித்துக்கொண்டு சாக்கடைப் பக்கம் ஓடியது.

"இவளுக்கு இன்னா ஆச்சு?" என்றாள் லட்சுமம்மா.

சொல்லத்தான் வேண்டியிருந்தது. சொர்ணம் சொன்னாள். பிணவறை, கையெழுத்து, கல்லறை, காரியம். லட்சுமம்மா வாயைத் திறந்தபடி கேட்டாள். ஒருமுறை தன் முழங்கையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டாள். கடைசியில் கேட்டது இதுதான்:

"அழுதானா?"

"அழுதான்."

"நெசமா அழுதானா, இல்ல ஊருக்காகவா?"

"டயர் மேல விழுந்து அழுதான் லட்சுமம்மா. மொட்டை போட்டான்."

அவள் முகம் மாறியது. சொர்ணம் அந்த முகத்தை அதற்குமுன் பார்த்ததில்லை.

"அப்ப வா, போலாம்" என்றாள் லட்சுமம்மா. "புள்ள பாவம். நான் கீறேன்னு போய் சொல்லுவோம். இனிமே போவச் சொல்ல மாட்டான். மிச்சத்த சீக்கிரமா வெட்டு. இப்படிப் பாதித் தலையோட போனா பயந்துடுவான்."

சொர்ணம் மிச்சத்தை வெட்டினாள். டீனா புதுப் புடவை ஒன்று தேடி எடுத்தாள். லட்சுமம்மா குளித்து, தானே பொட்டு வைத்துக்கொண்டாள்.

ஆட்டோ கொண்டு வரச் சொன்னபோது கிளெமென்ட் நம்பவில்லை. வந்து பார்த்துவிட்டு இறங்காமல் சிலுவை போட்டுக்கொண்டான்.

"நான் உன் பெட்டிக்கு தோள் குடுத்தவம்மா" என்றான்.

"கனமா இருந்தேனா?"

"இல்ல. காத்து மாதிரி இருந்த."

"சோறு போட்டாத்தான கனம் வரும். ஓட்டு."

வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். முனிராஜுக்குப் பால்பல் விழுந்தது, அவன் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுத் தியேட்டரில் பிடிபட்டது. சிக்னலில் நின்றபோது சொர்ணத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ தப்பா சொன்னதும் நல்லதுக்குதாண்டி. இல்லாட்டி அவன் மனசு எனக்கு எப்படித் தெரியும்?" சொர்ணம் அப்படியும் இருக்கலாம் என்று நினைத்தாள். தேவன் கோணலாகவும் எழுதுவார். அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

முனிராஜ் வீடு கடைக்குப் பின்னால், சந்துக்குள். கதவு திறந்திருந்தது. வாசலில் நின்றாலே உள்சுவர் தெரியும். சுவரில் லட்சுமம்மாவின் பழைய படம், சந்தன மாலை, சின்ன சிவப்பு பல்பு. மருமகள் வீணா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறைமாதம். நிமிர்ந்து பார்த்தாள். முறம் கையிலிருந்து போனது. சுவரில் ஒட்டிக்கொண்டு இரண்டு கையாலும் வயிற்றை மூடினாள்.

முனிராஜ் கடைப் பக்கமிருந்து வந்தான். மொட்டையில் முடி அரும்பியிருந்தது. அம்மாவைப் பார்த்தான். ஒரு கை தானாக முன்னால் நீண்டது. பிறகு உள்ளே பார்த்தான். வீணா தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள், வேண்டாம் வேண்டாம் என்று.

"பேடா" என்றாள் கன்னடத்தில். "காரியம் முடிச்ச ஆளு. உள்ள வந்தா என் வயித்துல இருக்கறது நிக்காது. பேடா."

எதிர்வீட்டில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். கடையில் டயர் மாற்ற வந்தவன் ஹெல்மெட்டோடு எழுந்து நின்றான்.

"முனிராஜ்" என்றாள் சொர்ணம். "தப்பு என்னுது. என்னை அடி. ஆனா இது உங்க அம்மாப்பா."

அவன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். லுங்கியில் துடைத்தான்.

"யாருக்கா இவங்க?" என்றான்.

"என்னாப்பா?"

"எங்கம்மா செத்துப் போச்சு. நீங்கதான் வந்து சொன்னீங்க. நீங்கதான் பாத்தீங்க. இப்ப யாரையோ கூட்டிட்டு வந்து நிக்கிறீங்க." குரல் உயர உயர உடைந்தது. "எங்கம்மா இல்ல இது."

கிளெமென்ட் ஆட்டோவை விட்டு இறங்கி வந்து, "டேய், உனக்குக் கண்ணு இல்ல?" என்று கத்தினான். சொர்ணம் லட்சுமம்மாவின் பக்கம் திரும்பினாள். அவள் அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தாள். அந்தச் சந்தே கேட்கட்டும் என்று விரும்பினாள்.

லட்சுமம்மா சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது யாருப்பா?" என்று கேட்டாள்.

"எங்கம்மா."

"நல்லா கீறாங்க. மாலை வாடல?"

"பிளாஸ்டிக்" என்றான் முனிராஜ். அவன் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

"அதான் நல்லது." எதிர்வீட்டுக்காரர்களின் பக்கம் திரும்பினாள். "இவ தப்பா கூட்டியாந்துட்டாம்மா. நான் வேற ஆளு. மண்டைல அடிபட்டவ, ஒண்ணும் ஞாபகம் இல்ல." பிறகு வீணாவிடம்: "பயப்படாத தாயி. வெந்நி குடி. புள்ள நல்லா பொறக்கும்."

அவள்தான் முதலில் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். ஏறிய பிறகும் சொர்ணம் சந்தில் நின்றிருந்தாள். கிளெமென்ட் வந்து தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போக வேண்டியிருந்தது.

ஆட்டோ பெரிய ரோட்டுக்கு வந்தது.

"மொட்டை அவனுக்கு எடுப்பா இல்ல" என்றாள் லட்சுமம்மா. "காது பெருசா தெரியுது. அவங்கப்பன் காது."

"எங்க வீட்டுக்கு வந்துடு" என்றாள் சொர்ணம். "நாங்க ரெண்டு பேருதான்."

"உன் வீட்ல எடம் எங்க கீது, கால நீட்டினா அடுப்பு இடிக்கும். என்னைப் பாலத்தாண்ட வுட்டுடு."

"லட்சுமம்மா..."

"அந்தப் பேரை இனிமே கத்தாத. அவன் கடைக்கு வர்றவன் எவனாவது கேட்டு வப்பான்."

மழை தூறியது. கிளெமென்ட் பக்கத்துப் படுதாவை இறக்கினான். இருட்டான அந்த இடத்தில் லட்சுமம்மா திடீரென்று கேட்டாள்.

"ஏண்டி, அப்ப நீங்க பொதைச்சது யார?"

காலையிலிருந்து ஒரு தடவைகூட அந்தக் கேள்வி சொர்ணத்துக்குத் தோன்றவில்லை. மகன், கையெழுத்து, பாயசம் என்று எல்லாம் நினைத்தாள். அந்தப் பெண்ணை நினைக்கவில்லை.

"உன் வெட்டுன்னு சொன்னியே."

"ஆமா."

"அப்ப அவ நம்ம நாற்காலில வந்து ஒக்காந்தவதான?"

ஒக்காந்தவள்தான். சொர்ணம் அந்தத் தலையைக் குனிய வைத்திருக்கிறாள், பேன் எடுத்திருக்கிறாள், ஏதாவது பேசியும் இருப்பாள். பிணவறையில் விரலில் உணர்ந்ததை மறுபடி நினைக்கப் பார்த்தாள். ஐஸ் மாதிரி இருந்தது மட்டும் நினைவுக்கு வந்தது. தன் கைகளைப் பார்த்தாள். எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிறு. சொர்ணம் விவேக் நகரில் காலைத் தமிழ்ப் பூசைக்குப் போனாள். அங்கிருந்து டீனாவும் அவளும் போலீஸ் ஸ்டேஷன் போனார்கள். சப்-இன்ஸ்பெக்டர் இட்லி சாப்பிட்டு முடிக்கும்வரை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். டீனா கன்னடத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முனிராஜுக்குப் போன் செய்தார். செத்தது தன் அம்மாதான் என்றான் முனிராஜ். மகனே சொல்கிறான், உங்களுக்கு என்ன என்று அவர் கேட்டார். டீனா கொஞ்சம் சத்தம் போட்டாள். பிறகு வெளியே வந்துவிட்டார்கள்.

மத்தியானம் பாலத்தடியில் சோறு கொடுத்தார்கள். தக்காளிச் சாதம். வரிசையில் வந்த ஒவ்வொரு பெண்ணிடமும் சொர்ணம் கேட்டாள், உங்களோடு படுத்திருந்தவர்களில் யாராவது காணாமல் போயிருக்கிறார்களா என்று. நிறையப் பேர் வருகிறார்கள், போகிறார்கள் என்றார்கள். ஒருத்தி ஊறுகாய் இல்லையா என்று கேட்டாள்.

லட்சுமம்மாவும் வந்தாள். சொர்ணம் மறந்துபோய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பக்கத்தில் நின்றவள் முழங்கையால் இடித்தும் அவள் திரும்பவில்லை. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போய்த் தூணோரம் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

சாயங்காலம் வீட்டுத் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தது. சொர்ணம் குடங்களைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். கிளெமென்ட் ஆட்டோ கழுவினான்.