வேலுத்தாயின் சாக்கு

சிலமலை வேலுத்தாய் 2006 ஜூன் முதல் மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறாள். இத்தனை சீசனிலும் போகாதது பதினொரு நாள் என்பார்கள். மாமியார் சாவுக்கு ஐந்து, காய்ச்சலுக்கு நான்கு, மகள் முத்துப்பிரியாவைக் கல்லூரியில் சேர்க்க ஒன்று. மீதி ஒரு நாள், ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப்புக்குப் பிரேக் பிடிக்கவில்லை. அதை அவள் தலையில் கட்டுவது நியாயமில்லை. பத்து என்பதே சரி.

ஜீப்பில் ஒரு வழக்கம் உண்டு. மறுநாள் வருகிறவர்கள், இடுப்பில் கட்டும் சாக்கைச் சாயங்காலம் ஜீப்பிலேயே போட்டுவிட்டு இறங்குவார்கள். வராதவர்கள் கையோடு எடுத்துப் போவார்கள். டிரைவர் பிரபாகரன் சாக்குகளை எண்ணிக்கொள்வார். அதற்கு மேல் பேச்சில்லை.

கடந்த ஆகஸ்டில் புதிதாக வந்த சூப்பர்வைசர் முத்துக்கிருஷ்ணன் வாட்சப் குழு ஒன்று தொடங்கினார். முதல் செய்தி: "நாளைக்கு யாரெல்லாம் ஷோ அப் பண்ணுவீங்க? எட்டு மணிக்குள்ள பதில் போடாதவங்களுக்கு ஜீப்புல இடம் இல்ல."

வேலுத்தாய் மகளிடம் அர்த்தம் கேட்டாள்.

"வந்து சேர்றதைச் சொல்றாரும்மா."

"வர்றதுக்கு அம்புட்டுப் பெரிய பேரா?"

"எல்லா வர்றதுக்கும் இல்ல. சூரியன் வர்றதுக்கு அப்படிச் சொல்ல மாட்டாங்க. வர்றேன் வர்றேன்னே சொல்லுவாருல்ல நம்ம வெள்ளைத்துரை மாமா, அவருக்குச் சொல்லலாம்."

வேலுத்தாய் சோறு பிசைவதை நிறுத்தினாள். வெள்ளைத்துரை அவள் கல்யாணத்துக்கே வராதவர்.

"வர்றேன்னு பதில் போடவாம்மா?"

"வேணாம். சாக்கு ஜீப்புல கெடக்கு."

மறுநாள் காலை ஐந்தரைக்கு எல்லாரும் ஏறிவிட்டார்கள். வேலுத்தாய் மட்டும் கீழே நின்றாள். ஏறச் சொல்லி யாரும் கூப்பிடாதது அதுதான் முதல் தடவை.

"ஏத்தா, உன் பேரு லிஸ்ட்டுல இல்லையாம்ல" என்றாள் பொற்கொடி.

"லிஸ்ட்டு எங்க?"

"சூப்பர்வைசர் போன்ல."

"அவரு எங்க?"

யாருக்கும் தெரியவில்லை. போன் அடித்தார்கள், எடுக்கவில்லை. ஐந்தே முக்காலுக்குப் பிரபாகரன் சாக்குகளை எண்ணினார். பதின்மூன்று. ஆட்களை எண்ணினார். கீழே நின்றவளோடு பதின்மூன்று.

"ஏறுக்கா, வெரசா" என்றார். "போடிமெட்டு செக்போஸ்ட்டுல வரிசையில கெடக்கணும்."

முத்துக்கிருஷ்ணன் யாரோ ஒருவருடைய பைக்கில் தொற்றிக்கொண்டு, ஒன்பது பத்துக்குத் தோட்டம் வந்தார். அலாரம் அடிக்கவில்லையாம்.

அன்று சாயங்காலம் வேலுத்தாய் சொல்லச் சொல்ல, முத்துப்பிரியா குழுவில் எழுதினாள்: "சார், நாளைக்கு நீங்க ஷோ அப் பண்ணுவீங்களா? எட்டு மணிக்குள்ள சொல்லுங்க."

பதில் வரவில்லை. ஆனால் மறுநாள் ஐந்து இருபதுக்கே அவர் ஜீப்பில் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் இறங்கும்போது, தன் மழைக்கோட்டைச் சீட்டிலேயே விட்டுப் போனார்.

பிரபாகரன் அதையும் சேர்த்து எண்ணினார். பதினான்கு.