வீங்கின பேட்டரி

நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது, கத்தாரிலிருந்து லீவுக்கு வந்த அப்பாவின் பெட்டியில் எனக்கென்று ஒரு பொம்மை டேங்க் இருந்தது. ரிமோட்டில் ஓடுவது. பூனை அளவு இருக்கும். பீரங்கி சுழலும், மணலில் ஓட்டினால் சங்கிலித் தடம் விழும். பெண்பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம் என்று அத்தை கேட்டதற்கு அப்பா சிரித்தார். அங்கே பெரிய கட்டடங்களுக்கு வயரிங் செய்கிறவர்களுக்கு அவர் ஃபோர்மேன். எங்கள் ஊரான கருங்கல் பக்கம் சொந்தக்காரர் யார் வீட்டில் ஃபேன் நின்றாலும் கத்தாருக்குத்தான் போன் போகும். கரண்டு விஷயத்தில் அப்பா சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை.

அவர் திரும்பிப் போன சில மாதங்களில் டேங்கின் பேட்டரி தளர்ந்துவிட்டது. பாதி முற்றம்கூடத் தாண்டாமல் முனகி நின்றது. அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கோட்டாறில் ஒரு கடைக்குப் போனாள். கடைக்காரர் இரண்டு பேட்டரிகளை எடுத்து வைத்தார். ஒன்று பழையதைப் போலவே கனமான நிக்கல் பேட்டரி. மற்றது லித்தியம். கையில் எடுத்தால் எடையே தெரியாது, ஆனால் வேகம் அதிகம் என்றார்.

"லித்தியம் எடுத்தா அதுக்க சார்ஜரையும் சேத்து எடுக்கணும். பழைய சார்ஜருல போட்டா நிறைஞ்ச பெறவும் ஏத்திக்கிட்டே இருக்கும். தீ பிடிக்கும், கேட்டியளா."

அம்மா நிக்கலை எடுத்தாள். நான் வேகத்தைக் கேட்டு முரண்டு பிடித்தேன். கடையில் நின்றே அவள் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டாள்.

"லித்தியம் எடு," என்றார் அப்பா. "சார்ஜர் ஒண்ணும் வேண்டாம், வீட்டுல கெடக்கே. ரெண்டும் ஏறக்குறைய ஒரே வோல்ட்டுதான். கடைக்காரன் யாவாரத்துக்குச் சொல்லுவான்."

இது கடைக்காரரின் காதிலும் விழுந்தது. லித்தியத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

அதன் பிறகு டேங்க் பறந்தது. கோழிகள் முற்றத்துப் பக்கமே வருவதை விட்டுவிட்டன. கொஞ்ச நாளில் பேட்டரி பூரி போல உப்பிக்கொண்டது. மூடி பொருந்தாததால் நான் ரப்பர் பேண்டு போட்டு இறுக்கி ஓட்டினேன். அதைப் பார்த்த அன்றைக்கே அம்மா பேட்டரியைக் கழற்றி ஒரு மண்சட்டியில் போட்டு, கிணற்றடிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டாள். இனி அதைத் தொடக்கூடாது என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் கால் வந்தது. நான் அழுதுகொண்டே புகார் சொன்னேன். போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார்.

"அது வீங்கி இருக்கு, பாத்துக்கிடுங்க. சார்ஜுல போட எனக்குப் பயமா இருக்கு."

"சூட்டுக்குக் கொஞ்சம் உப்பும். அதுக்கென்ன? பிள்ளைய அழ வைக்காத. போடு."

"இல்ல, அந்தக் கடைக்காரரு..."

"ஏட்டி, நான் வருசக்கணக்கா கரண்டுலதான் கெடக்கேன். நீ எனக்குப் பாடம் எடுக்கியா? போடுண்ணா போடு."

போனுக்குப் பின்னால் நின்று நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஹாலில் பிளக் இருந்த இடத்தில், தரையில் ஒரு எவர்சில்வர் தட்டு வைத்து அதன்மேல் அம்மா பேட்டரியைச் சார்ஜில் போட்டாள். அடுப்பில் சோறு கொதித்தது. பொங்கி வழியும் சத்தம் கேட்டும் அவள் அடுக்களைக்குப் போகவில்லை. பேட்டரியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். திடீரென்று பாம்பு சீறுவதைப் போல ஒரு சத்தம். வெள்ளைப் புகை. அடுத்த நொடி ஆள் உயரத்துக்குத் தீ எழும்பி ஜன்னல் திரையில் பிடித்தது. அம்மா என்னை வாசலுக்கு வெளியே தள்ளினாள். பிளக்கைப் பிடுங்கினாள். சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு தட்டைத் தூக்கி ஓடிவந்து, முற்றத்து மணலில் வீசினாள். திரும்ப உள்ளே ஓடித் திரையை இழுத்துக் கீழே போட்டாள். பக்கத்திலிருந்த சோபா பாதி கருகியதோடு தீ நின்றது. அவளுடைய வலது உள்ளங்கையில் தோல் இல்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தபோது வீடு நிறைய சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அத்தை போனைப் பிடித்துக் கரிந்த சுவரை அப்பாவுக்குக் காட்டினாள். பிறகு அம்மாவின் பக்கம் திருப்பினாள்.

"வீங்கின பேட்டரிய யாராவது சார்ஜுல போடுவாளா?" அப்பா கத்தினார். "ஒனக்கு அறிவு உண்டா?"

அம்மா போன் திரையையே பார்த்தாள். வாய் திறந்தாள். அதற்குள் பெரியப்பா, "விடுலே, அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" என்றார். அம்மா வாயை மூடிக்கொண்டாள்.

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆவல்லியே?" என்று கேட்டுவிட்டு அப்பா போனை வைத்தார்.

அடுத்த லீவுக்கு வரும்போது அவர் எனக்குப் புது டேங்க் கொண்டுவந்தார். கூடவே லித்தியத்துக்கென்றே உள்ள சார்ஜர், தீ தாங்கும் பை. சொந்தக்காரர்களை உட்கார வைத்து விளக்கினார். இந்த சார்ஜர் ஒவ்வொரு செல்லையும் சமமாக ஏற்றும், நிறைந்தால் தானே நிறுத்திக்கொள்ளும். பேட்டரியைப் பைக்குள் வைத்து, துணிமணி இல்லாத இடமாகப் பார்த்து, தரையில் வைக்க வேண்டும். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். கொஞ்சம் வீங்கினாலும் பிறகு அதைச் சார்ஜில் போடவே கூடாது.

"இத மொதல்லயே அவளுக்குச் சொல்லிக் குடுத்திருந்தா இந்தச் சங்கடம் வந்திருக்குமா?" என்றாள் அத்தை.

"சொன்னா கேட்டாத்தானே," என்றார் அப்பா.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இவ்வளவு தெரிந்த அப்பா வேறு யாருக்கு இருக்கிறார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. டேங்கை முற்றத்தில் இறக்கிவிட்டு, அம்மாவும் வந்து பார்க்கட்டுமே என்று அடுக்களைக்கு ஓடினேன். இடது கையால் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை.

"நீ போ மக்கா," என்றாள்.

அம்மாவுக்கு டேங்க் பிடிக்காது என்றுதான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.