சுவர்க்கோழிக்குப் போட்ட கோடு

கனடாவில் சுவர்க்கோழிப் பூச்சியை உயிரோடு அட்டைப்பெட்டியில் அடைத்துக் கடையில் விற்கிறார்கள். ஊரிலிருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். என் மகள் யாழினி வளர்க்கும் பியர்டட் டிராகனுக்கு அதுதான் சாப்பாடு. முழ நீளத் தாடிப் பல்லி, பெயர் பிஸ்கட். சென்னை பாடியிலிருக்கும் மச்சான் சேகரிடம் போனில் சொன்னேன். "இன்னா மாமா, பூச்சிய துட்டு குட்த்தா வாங்குற? நம்ம ஊட்டாண்ட வா, சும்மாவே அள்ளித் தரேன்" என்றான்.

பதினான்கு வயது யாழினிக்கு என்னோடு பேச மிச்சமிருந்த ஒரே விஷயம் பிஸ்கட்தான். மூன்று நாள் பள்ளி முகாமுக்குக் கிளம்பும்போது ஃப்ரிட்ஜில் ஆங்கிலத்தில் சட்டம் எழுதி ஒட்டினாள். பூச்சி பிஸ்கட்டின் இரு கண்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. கால்சியம் பொடியில் புரட்டிப் போட வேண்டும். தின்னாமல் விட்டதை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது பிஸ்கட்டைக் கடிக்கும். தரையில் பிடித்ததைப் போடவே கூடாது. "ஜோக் அடிக்காம படிப்பா" என்றாள்.

முதல் நாளே பெட்டி கைநழுவி, பாதிப் பூச்சிகள் சமையலறைக்குக் குடிபெயர்ந்தன. நான் நாற்காலிமேல் குடிபெயர்ந்தேன். ஊரில், திருமுல்லைவாயிலில், வெள்ளிக்கிழமை வீடு கழுவியதும் மனைவி வாசலில் கோலம் போடுவாள். பின்கதவருகே நான் கரப்பான் சாக்பீஸால் கோடு போடுவேன். இரண்டும் வெள்ளைதான். அவளுடையது எறும்புக்குச் சாப்பாடு, என்னுடையது சாவு. இங்கே வந்தபின் அவள் கோலத்தை விட்டுவிட்டாள். என்னுடைய சாக்பீஸ் ஒன்று மட்டும் ஊறுகாய் பாட்டில்களுக்கு நடுவே கடல் கடந்து வந்திருந்தது. யோசிக்கவேயில்லை. சமையலறை வாசலில் கை தானாகக் கோடு போட்டுவிட்டது.

மறுநாள் காலை, கோட்டைத் தாண்டிக் கூடத்துக்கு வந்திருந்த ஒரு சுவர்க்கோழி வெள்ளைக் கால்களோடு தள்ளாடிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே கால்சியம் பொடியில் புரட்டியதுதானே, எதற்கு வீணாக்க வேண்டும் என்று பிஸ்கட்டுக்குத் தூக்கிப் போட்டேன். அரைமணி நேரத்தில் பிஸ்கட்டின் உடம்பு உதற ஆரம்பித்தது. துண்டில் சுற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடி, நடந்ததைச் சொன்னேன்.

"வீட்டுக்குள்ளேயே விஷத்தால் கோடு வரைந்தீர்களா?" என்று கேட்டாள் கால்நடை மருத்துவர்.

"எங்க ஊர்ல எல்லாரும் போடுவோம், வெள்ளிக்கிழமை ஆனா."

மதச் சடங்கா என்று கேட்டு, மரியாதையாகக் குறித்துக்கொண்டாள்.

பிஸ்கட் பிழைத்துவிட்டது. ஒரு பின்னங்காலை இழுத்துக்கொண்டுதான் நடக்கிறது. முகாமிலிருந்து திரும்பிய யாழினி திட்டவில்லை, திட்டியிருந்தால் பதிலுக்கு ஒரு ஜோக்காவது சொல்லியிருப்பேன். பட்டியலின் அடியில் ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்தாள். எழுத்துக்கூட்டித் தமிழில்: 'அப்பா குடுக்க வேண்டாம்.' யாரும் சொல்லாமல் அவளாக எழுதிய முதல் தமிழ் வரி.

கோட்டை மூன்று முறை துடைத்தேன். சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது தரையில் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. அந்தப் பக்கம், கூடத்தில், அவள் இடுக்கியால் பூச்சியை நீட்டுகிறாள். பிஸ்கட் நொண்டி நொண்டி வருகிறது. நான் சமையலறையிலேயே நிற்கிறேன், கோட்டருகே வந்து மீசையை ஆட்டிப் பார்க்கிற பூச்சி மாதிரி.