ஒட்டவைத்த ஆக்சிலும் என் முகமும்

என் முகத்துக்கு இரும்பை ஒடிக்கிற பலம் உண்டு என்று எங்கள் தெருவில் பாதிப் பேர் நம்பினார்கள். அப்படி ஒரு பலம் நிஜமாகவே இருந்திருந்தால் நான் முதலில் வேறு சிலவற்றை ஒடித்திருப்பேன். ஆக்சில் வரைக்கும் வந்திருக்க மாட்டேன்.

ராஜா ஆட்சி முடிந்து எங்கள் ஊர் திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்த திருக்கொச்சிக்குள் இருந்த காலம் அது. கல்யாணமாகி மூன்றாவது வருஷமே என் கணவர் காய்ச்சலில் போய்விட்டார். நான் சுசீந்திரத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அண்ணனிடம் ஒரு வாடகைக் கார் இருந்தது. எவனோ ஒரு தோட்டத்துரை விற்றுவிட்டுப் போன பழைய வண்டி. கல்யாணம், மறுவீடு, ஆஸ்பத்திரி என்று எதற்கும் சுற்று வட்டாரத்தில் அண்ணனைத்தான் கூப்பிடுவார்கள். குடிக்க மாட்டார். வேகமாக ஓட்ட மாட்டார். எதிரே மாட்டுவண்டி வந்தால் காரை ஓரங்கட்டிவிட்டு, வண்டிக்காரனிடம் நாலு வார்த்தை பேசி அனுப்புகிற ஆள். அவரை நம்பிப் பிள்ளைத்தாச்சிப் பெண்களை ஏற்றி அனுப்புவார்கள். அவருக்கு இருந்த சொத்தே அந்தப் பெயர்தான்.

காலையில் அவர் காரை எடுக்கும் நேரத்தில் அண்ணன் மனைவி, என் மைனி, தொண்டையைச் செருமுவாள். அவ்வளவுதான். ஒரு கடுஞ்சொல் கிடையாது. நான் செய்துகொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு அடுக்களைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். கார்ச் சத்தம் தேரடியைத் தாண்டிய பிறகு வெளியே வருவேன். தாலி இல்லாதவள் முகத்தில் விழித்துவிட்டு யாராவது கல்யாணச் சவாரிக்குப் போவார்களா? அண்ணன் என்மேல் உயிரையே வைத்திருந்தார். இருந்தாலும் செருமலை வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த வருஷம் காரின் பின் ஆக்சில் தேய்ந்துபோயிற்று. பின் சக்கரத்தைச் சுற்றவைக்கிற இரும்புத் தண்டு அது. நாகர்கோவிலில் ஒரு மோட்டார் சாமான் கடையில் அண்ணன் புதுசு வாங்கினார். எண்ணெய்த்தாளில் சுற்றி, கிரீஸ் தடவி, கறுகறுவென்று இருந்தது. "கப்பல்ல வந்த சாமானாக்கும். ஒம்ம வண்டி போனாலும் இது போவாது" என்று கடைக்காரர் சொன்னாராம். அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவந்து சந்தனம் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பட்டறைக்குக் கொண்டுபோனார்.

ஒரு முகூர்த்த நாள். மாப்பிள்ளையையும் பெண்ணையும் மறுவீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். அன்று அண்ணன் வழக்கத்தைவிடச் சீக்கிரமே கிளம்பிவிட்டார். நான் கிணற்றடியிலிருந்து குடத்தோடு திரும்பி வருகிறேன், கார் வாசலை விட்டு வெளியே வருகிறது. அண்ணன் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மைனி தலையில் கையை வைத்தாள்.

பத்மநாபபுரத்துக்குத் திரும்பும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஆக்சில் ஒடிந்தது. பின் சக்கரம் தனியாகக் கழன்று ஒரு வாழைத்தோட்டத்துக்குள் ஓடிற்று. கார் சாய்ந்து மண்திட்டில் மோதி நின்றது. பெண்ணின் தாய்மாமனுக்குக் கை முறிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்புதான். அண்ணன் மெதுவாகப் போனதால்தான் எல்லோரும் உயிரோடு வந்தார்கள். இதை ஒருவரும் சொல்லவில்லை.

ஊரில் சொன்னது வேறு. டிரைவர் குடித்திருந்தான் என்றார்கள் ஆண்கள். தாலி அறுத்தவள் நிறைகுடத்தோடு வந்தாலும் அறுத்தவள்தானே என்றார்கள் பெண்கள். இரண்டையும் கேட்டு நம்ப ஆள் இருந்தது. சவாரிக்கு வந்து சொல்லிவைத்தவர்கள் ஒவ்வொருவராக வேறு காருக்குப் போனார்கள். அண்ணன் முன்னறையில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். "வண்டிய வித்திரலாம்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. மைனி சோறு போடும்போது என் முகத்தைப் பார்க்காமல் போட்டாள்.

எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஒடிந்த இரண்டு துண்டுகளையும் பட்டறைக்காரர் ஒரு சாக்கில் போட்டுக் கொடுத்திருந்தார். அது தொழுவத்தில் கிடந்தது. என்னால்தான் ஒடிந்தது என்றால் நான் ஒடித்ததை நானே ஒருதரம் பார்த்துவிடுகிறேன் என்று சாக்கை அவிழ்த்தேன். கிரீசும் மண்ணுமாக ஒன்றும் தெரியவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்தேன். பிறகு வெண்கலப் பானை தேய்ப்பதுபோல் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தேன். கறுப்புப் பெயின்ட் உரிந்து வந்தது. ஒடிந்த இடத்தைச் சுற்றி ஒரு வளையம் தெரிந்தது. இரண்டு பழைய துண்டுகளை நெருப்பில் பற்றவைத்து, அரத்தால் ராவி, பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அதுவும் விளிம்பில்தான் ஒட்டியிருந்தது. நடுவில் ஒட்டவே இல்லை. அங்கே பழைய துரு செதில்செதிலாக இருந்தது. அன்று ஒடிந்த இரும்புக்குள்ளே அத்தனை பழைய துரு எப்படி வரும்?

நான் அண்ணனை எழுப்பிக் காட்டினேன். அவர் அந்தத் துருவை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு நாகர்கோவிலுக்குப் போனார்.

முதல் தடவை, முதலாளி கோவிலுக்குப் போயிருக்கிறார் என்றார்களாம். முதலாளியின் செருப்பு கடை வாசலிலேயே கிடந்ததாம். மறு தடவை சாப்பிடுகிறார். அதற்கடுத்த தடவை தூங்குகிறார். கடைசியில் அண்ணன் கல்லாப் பக்கமே போய் நின்றபோது, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் கடைக்காரர் சொல்லியிருக்கிறார்: "ஓட்டத் தெரியாதவனுக்கு நான் என்ன வே செய்ய? வித்த சாமான் வித்ததுதான். போயி சோலியப் பாரும்."

அண்ணன் திரும்பி வந்து மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். "அந்த ஆளுக்கு யாரையும் பயம் இல்ல, மக்கா" என்றார்.

இருந்தது. யாரைக் கண்டு பயப்படுவார் என்று எனக்குத் தெரியும். ஊரே பயந்துகொண்டிருந்த ஒன்று எங்கள் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் சும்மா நின்றுகொண்டிருந்தது.

எங்கள் பக்கத்துக் கடைத்தெருவில் காலையில் நடக்கிற முதல் விற்பனைக்குக் கைநீட்டம் என்று பெயர். அது நல்ல கையால் நடக்க வேண்டும். நல்ல முகத்தைப் பார்த்துவிட்டு நடக்க வேண்டும். கைநீட்டம் கெட்டால் அன்றைக்கு முழுவதும் கெட்டது என்று வியாபாரிகள் நடுங்குவார்கள்.

மறுநாள் முதல் பஸ்சில் போனேன். வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி, கையில் சாக்கு. கடைக்காரர் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே சாத்தினார். சாம்பிராணி போட்டார். சாமி படத்தைக் கும்பிட்டுவிட்டுத் தெருவைப் பார்த்துத் திரும்பினார். எதிரே நான் நின்றேன்.

"ஏட்டி, யாரு நீ? காலம்பறயே வந்து எதுக்க நிக்கே?"

"ஒடிஞ்ச ஆக்சிலுக்குச் சொந்தக்காரி. டிரைவருக்க தங்கச்சி."

"அங்கிட்டுப் போ. இன்னும் கைநீட்டம் நடக்கல்ல."

"நடத்துங்க மொதலாளி. நானா வேண்டாங்கேன்?"

அவர் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். நான் நின்றேன். மறுபடி சாமி கும்பிட்டார். நான் நின்றேன். ஒரு லாரிக்காரர் போல்ட் வாங்க வந்தார். கடைக்காரருக்கு எடுத்துக் கொடுக்க மனசு வரவில்லை. "கொஞ்சம் பொறும், இவ போவட்டும்" என்றார். லாரிக்காரர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு எதிர்க் கடைக்குப் போனார். அடுத்து வந்தவரும் அப்படியே. கல்லை எறிந்து விரட்ட நான் ஆடுமாடு இல்லை. கடைப்படியில் ஏறவும் இல்லை. சர்க்கார் ரோட்டில்தான் நின்றேன். அவர் கடையை அவரேதான் அடைத்துக்கொண்டார். வெயில் ஏறி எனக்குக் கால் கடுத்தபோது வீட்டுக்குப் போனேன்.

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாள் அவர் பின்வாசல் வழியாக வந்து முன்பலகையை ஒருக்களித்துத் திறந்து எட்டிப் பார்த்தார். அந்த இடுக்குக்கு நேரே நான் நின்றேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணவர் போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

கடைக்காரர் ஒரு போலீஸ்காரரைக் கூட்டிவந்தார். "எந்தா காரியம்? இவ என்ன செய்தா?" என்று மலையாளம் கலந்து கேட்டார் போலீஸ்காரர்.

"நிக்கா, ஏமானே."

"நிக்கதுக்கு எந்து கேசு எழுத?" என்றவர், அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு மறுபக்கம் திரும்பி வேகமாக நடந்துவிட்டார். அவருக்கும் அன்றைய நாள் நன்றாக விடிய வேண்டுமே.

அண்ணனுக்கு விஷயம் தெரிந்து, "கடைத்தெருவுல போயி பொம்பளை நிக்கதா? மானம் போவுது" என்று சத்தம் போட்டார். "போன மானத்தத் தேடித்தான் போறேன்" என்றேன். மறுநாள் விடியும் முன்பே மைனி எனக்குப் பழையசோறு பிழிந்து வைத்திருந்தாள்.

வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர ஆரம்பித்தது. கூட்டத்தில் டிரைவர்கள்தான் அதிகம். சாக்கில் என்ன என்று ஒருவர் கேட்டார். நான் எடுத்துக் காட்டினேன். வளையத்தைப் பார்த்தார், துருவைப் பார்த்தார், நேராகத் தன் வண்டியைப் பார்க்கப் போனார். மறுநாள், இதே கடையில் வாங்கித் தன் வண்டியில் போட்டிருந்த ஆக்சிலைக் கழற்றிக்கொண்டு வந்து, அதைக் கடைப்படியில் போட்டுக் கத்தியால் சுரண்டினார். அதிலும் ஒரு வளையம். அது இன்னும் ஒடியவில்லை, அவ்வளவுதான். கூட்டம் கடையை நெருங்கிற்று.

கடைக்காரருக்கு வேர்த்துவிட்டது. "அம்மா" என்றார் என்னை. அந்த 'ஏட்டி' எங்கேயோ போய்விட்டாள். "அம்மா, வெலைய வாங்கிட்டுப் போயிருங்க. கூட ரெண்டு ரூவா வச்சும் தாறேன்."

"துட்டு வேண்டாம்."

"பின்ன என்னதான் வேணும்?"

"எங்க ஊரு தேரடிக்கு வாரும். பற்றவச்ச சாமானப் புதுசுன்னு வித்தேன், டிரைவர் மேல குத்தம் இல்லன்னு ஒம்ம வாயால சொல்லும்."

"எனக்குத் தந்தவன் அப்படித் தந்துட்டான் அம்மா."

"அதயும் அங்க வந்து சொல்லும். இல்லேன்னா நாளைக்கும் வருவேன். எனக்கு வேற சோலி ஒண்ணும் இல்ல. என்ன எந்தக் கல்யாணத்துக்கும் கூப்பிடமாட்டாவ."

அவர் வந்தார். சாயங்காலம், கார்கள் நிற்கும் தேரடியில், நாலு பேர் கேட்கும்படி சொன்னார். அண்ணன் அங்கே இருந்தார். கை முறிந்த தாய்மாமனும் கழுத்தில் துணி கட்டித் தொங்கவிட்ட கையோடு வந்திருந்தார். தாய்மாமன் நல்ல கையால் அண்ணன் கையைப் பிடித்து, "எங்க வீட்டு அடுத்த கல்யாணத்துக்கும் நீருதான்" என்றார். அண்ணன் தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

டிரைவர் குடித்திருந்தான் என்ற பேச்சு அத்தோடு நின்றது. என் முகத்தைப் பற்றிய பேச்சை மட்டும் ஒருவரும் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. அது ஒரு பேச்சு என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

சரியான ஆக்சில் போட்டு வண்டி வீட்டுக்கு வந்தது. முதல் சவாரி ஒரு கல்யாணத்துக்கு. காலையில் அண்ணன் சாவியை எடுத்தார். மைனி செருமினாள். பழக்கம். நான் எழுந்து அடுக்களைக்குள் போனேன்.

கார் உறுமிற்று. பிறகு நின்றது. நான் தேரடியைத் தாண்டும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அதற்குப் பதிலாக வாசலிலிருந்து அண்ணன் குரல் வந்தது.

"ஏட்டி, வெளிய வா. வந்து முன் சீட்டுல ஏறு. கோயிலச் சுத்தி ஒரு நடை போயிட்டு வந்து ஒன்னய எறக்கிவிட்டுட்டு, அப்புறம் கல்யாண வீட்டுக்குப் போறேன்."

தெருவே கேட்கும்படிதான் கூப்பிட்டார். மைனி கதவை விட்டு விலகி வழிவிட்டு நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு ஓடிப்போய் ஏறத்தான் தோன்றிற்று. கூடவே கோபமும் வந்தது. அந்தக் கதவுக்குப் பின்னால் எத்தனை விடியற்காலம் நின்றிருக்கிறேன்.

"கையில பாத்திரம் கெடக்கு. கழுவிட்டு வாறேன்" என்றேன்.

கழுவ இருந்தது ஒரே ஒரு தம்ளர்தான். அதைச் சாம்பல் போட்டு, தேங்காய் நாரால், உள்ளும் புறமும் பளபளவென்று ஆகும்வரை நிதானமாகத் தேய்த்தேன். அண்ணன் காரில் காத்திருந்தார்.