ஆடிய கடைசி இலக்கம்

நீடாமங்கலத்தில் ஒரு விதை ஆய்வுக்கூடத்தின் தராசைப் பழுதுபார்க்கத் திறந்து போட்டிருந்தபோதுதான் மாமியார் கூப்பிட்டார். எட்டாம் மாதத்திலேயே என் மனைவிக்கு வலி வந்துவிட்டதாம். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் தியேட்டருக்குள் கொண்டுபோய்விட்டார்களாம்.

உடனே ஓடியிருக்கலாம். ஆனால் அந்த நுண் தராசின் வயிறு திறந்து கிடந்தது. உள்ளே, தட்டைத் தாங்கும் கை, காகிதத்தைவிட மெல்லிய உலோக இதழ்களில் தொங்கும். தட்டில் எதை வைத்தாலும் கை இறங்கப் பார்க்கும். காந்தத்துக்குள் இருக்கும் கம்பிச்சுருள் அதைப் பழைய இடத்துக்கே தூக்கி நிறுத்தும். தூக்க எவ்வளவு மின்சாரம் பிடித்ததோ, அதைக் கொண்டுதான் எடை. இதழ் ஒன்று மடங்கினாலும் போச்சு, விதைப்பு நேரத்தில் ஆய்வுக்கூடமே முடங்கிவிடும். அப்படியே போட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

இதழில் ஒட்டியிருந்த உமித்தூசியை எடுத்தேன். மூடினேன். இடுக்கியால் எடைக்கல்லைத் தட்டில் வைத்தேன். கடைசி இலக்கம் நிற்கவே இல்லை. வெளியே சரக்கு ரயில். சனியன், இன்றைக்கென்று இத்தனை பெட்டிகள்! பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ரயில் போனது, இலக்கமும் நின்றது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் மறுபடி ஆடியது.

“யாருங்க ஃபேன் போட்டது?” என்று கத்தினேன்.

ஆய்வுக்கூடத்துப் பெண் மிரண்டுபோனார். “யாரும் போடலைங்க சார். உங்க ஃபோன்தான்...” என்று கல்மேசையைக் காட்டினார்.

தராசு மேசையில் ஃபோனை வைக்காதீர்கள் என்று போகிற இடமெல்லாம் சண்டை போடுகிறவன் நான். பழக்கத்தில் சத்தத்தை அணைத்து, பதற்றத்தில் தராசுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். அது அதிர்ந்துகொண்டிருந்தது. எடுக்கப் பயமாக இருந்தது.

“பொம்பளப் புள்ள, மாப்ள. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க,” என்றார் மாமியார். “ஒன்னே முக்கால் கிலோதான் இருக்காம்.”

“எந்த மெஷின்ல போட்டாங்க? ஃபேன நிறுத்துனாங்களா? இன்னொரு தடவ போடச் சொல்லுங்க!”

“அது கெடக்கட்டும். இங்குபேட்டருக்குத் தூக்கிட்டுப் போறாங்க, சத்தத்தக் கேளுங்க,” என்று அவர் ஃபோனைக் குழந்தைப் பக்கம் நீட்டியிருக்க வேண்டும்.

கீச்சென்று ஓர் அழுகை. நிறுத்தவே இல்லை. அந்த எடைக்கு அவ்வளவு ஆத்திரம்! என் மகள்தான், சந்தேகமே இல்லை.