அந்த ஒரு நிமிஷத்தைப் பார்த்தவள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இரண்டாவது காபியோடு பேப்பரில் மூழ்கியிருந்தேன். மாடிப்படியில் யாரோ வெறுங்காலோடு ஓடி இறங்கும் சத்தம். கதவைத் தட்டக்கூட இல்லை... நேராக ஹாலுக்குள் வந்து நின்றாள் ஜெயந்தி. கையில் குழந்தை.

"அக்கா, கொச்சுக்கு மூச்சு இல்லக்கா!"

ஜெயந்தி திருவனந்தபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவள். போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையின் தையல் பிரிவில் வேலை. கணவன் சுரேஷ் களியக்காவிளைக்காரன், தம்பானூரில் ஒரு ஹோட்டலில் கேஷியர். குழந்தை பிறந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கூட இருந்த ஜெயந்தியின் அம்மா அந்த வாரம்தான் எஸ்டேட்டுக்குத் திரும்பியிருந்தார்.

நான் பதறிப்போய்க் குழந்தையைப் பார்த்தேன். மூச்சு இருந்தது. நன்றாகவே இருந்தது. ரோஜா நிறத்தில், வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு, எங்கள் ஹால் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பின்னாலேயே சுரேஷ் வந்தான். வாயில் பேஸ்ட் நுரை.

"ஒண்ணும் இல்லக்கா. இவளுக்குச் சரியா ஒறக்கம் இல்ல. எதையோ பாத்துப் பேடிச்சிட்டா."

"நான் ஒறங்கல்ல. பால் குடுத்து முடிச்சு மடியில வச்சிருந்தேன். மொகம் நீலமாயிட்டுது. கூப்பிட்டேன், காலைத் தட்டினேன்... பாக்கவே இல்ல."

"இப்ப பாரு. பிள்ள நல்லாத்தான கெடக்கு?"

உண்மையைச் சொன்னால், நானும் மனதுக்குள் சுரேஷ் கட்சிதான். முதல் குழந்தை, உடம்பு அசதி, தூக்கமில்லாத கண்கள்... என்னென்னவோ தெரியத்தானே செய்யும்? ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. பார்த்தது அவள் ஒருத்திதான். அவள் சொல்வதை மறுக்கிற நாங்கள் இருவருமே அந்த நேரத்தில் அந்த அறையில் இல்லை.

கார் சாவியை எடுத்தேன்.

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் குழந்தையின் பாதத்தில் ஒரு சின்ன பட்டையைச் சுற்றினார்கள். ஆக்ஸிஜன் அளவு சரி. இதயத் துடிப்பு சரி. காய்ச்சல் இல்லை. இளவயது டியூட்டி டாக்டர் சிரித்தார். சுரேஷ் என்னைப் பார்த்தான், 'நான் சொன்னேன் இல்ல?' என்கிற பார்வை. ஜெயந்தி யாரையும் பார்க்கவில்லை. குழந்தையின் உதட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு குழந்தைகள் டாக்டர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், மலையாளி. பாதி மலையாளம், பாதி தமிழ். நாற்காலியை இழுத்துப் போட்டு ஜெயந்திக்கு எதிரே உட்கார்ந்தார்.

"எந்தா நடந்தது?"

சுரேஷ் ஆரம்பித்தான். "டாக்டர், இவ கொஞ்சம்..."

"அச்சன் கொஞ்சம் நேரம் மிண்டாம இருக்கணும். அம்மா சொல்லட்டே. மோளே, நீ சொல்லு. பேடிக்கேண்டா."

பயப்படாதே என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். நாங்கள் அதுவரை 'நீ பயந்துவிட்டாய்' என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தோம்!

கேள்விகள் வரிசையாக வந்தன. பால் குடிக்கும்போதா, குடித்த பிறகா? கக்கியதா? நீலமானது உதடு மட்டுமா, முகம் முழுக்கவா? உடம்பு துவண்டதா, விறைத்ததா? கண் எப்படி இருந்தது?

"கண்ணு ஒரு பக்கமா போயி அப்படியே நின்னுட்டுது டாக்டர். அந்த வலது கை மட்டும் டக் டக்குன்னு இழுத்துது. பிறகு நின்னுது. பிறகுதான் மொகம் தெளிஞ்சுது."

சுரேஷ் அதிர்ந்துபோனான். "கை இழுத்ததா? எங்கிட்டச் சொல்லவே இல்லயே நீ!"

"நீங்க கேக்கல்லயே."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். குழந்தையை அட்மிட் செய்ய வேண்டும் என்றார். இப்படித் திடீரென்று வந்து தானாகவே சரியாகிவிடுகிற சம்பவங்கள் கைக்குழந்தைகளுக்கு வருவது உண்டாம். கொஞ்சம் வளர்ந்த, ஆரோக்கியமான குழந்தை என்றால், விசாரித்துப் பார்த்துவிட்டு, சில சமயம் எந்தப் பெரிய பரிசோதனையும் இல்லாமலே வீட்டுக்கு அனுப்பிவிடலாமாம். ஆனால் பிறந்து மூன்று வாரமே ஆன சிசுவை அப்படி அனுப்ப முடியாது. அதுவும் கை இழுத்தது என்றால் நிச்சயமாக முடியாது.

சுரேஷுக்கு மனசே இல்லை. "இத்துணூண்டு கையில எங்கேருந்து ரத்தம் எடுப்பீங்க டாக்டர்?"

"கொறச்சுதான் எடுப்போம். சுகர் பார்க்கணும், இன்ஃபெக்ஷன் உண்டோன்னு பார்க்கணும், உப்பு, கால்சியம் எல்லாம் பார்க்கணும். ஒரு இசிஜி."

ஐந்து நிமிடம் யோசித்துவிட்டு அவன் நேர் எதிர்த் திசைக்குத் தாவினான். "அப்ப எல்லாத்தயும் எடுத்துருங்க. தலைக்கு ஸ்கேன், ஃபுல் பாடி... உள்ளது எல்லாம்."

நாம் இப்படித்தான், இல்லையா? ஒன்று, ஊசியே வேண்டாம். இல்லையென்றால், மெனுவில் இருக்கிற எல்லாம் வேண்டும். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே பயம்.

டாக்டர் கோபப்படவில்லை. "சந்தேகம் எந்தப் பக்கம் உண்டோ, அந்தப் பக்கம் முதல்ல போவோம். தேவைன்னா பிறகு ஸ்கேன். கேட்டோ?"

குதிகாலில் ஒரு குத்து. குழந்தை, வார்டே அதிர வீறிட்டது. சுரேஷ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சுகர் சரியாக இருந்தது. அடுத்து மார்பில் குட்டிக் குட்டி ஸ்டிக்கர்களை ஒட்டி இசிஜி எடுத்தார்கள். டாக்டர் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு துடிப்புக்குள் இருக்க வேண்டிய ஓர் இடைவெளி நீண்டிருக்கிறது என்றார். கால்சியம் குறைந்தாலும் இப்படி வரலாமாம். லேபுக்கு போன் செய்து கால்சியம் ரிசல்ட்டை அவசரமாகக் கேட்டார்.

அந்த ரிசல்ட் வருவதற்கு முன்னால்தான் அது நடந்தது.

ஜெயந்தி பாத்ரூம் போயிருந்தாள். குழந்தை சுரேஷின் மடியில். நான் எதிரே ஸ்டூலில். கொஞ்சிக்கொண்டிருந்தவன் சட்டென்று நிறுத்தினான்.

"அக்கா... இது என்னயப் பாக்க மாட்டேங்குது."

குழந்தையின் கண்கள் ஒரு மூலையில் போய் நின்றிருந்தன. வலது கை, டக் டக்கென்று. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி. காலில் மாட்டியிருந்த மானிட்டர் கத்த ஆரம்பித்தது. சுரேஷும் கத்தினான். நர்ஸ் ஓடி வந்து குழந்தையை வாங்கிப் படுக்கவைத்து, மூக்கருகே ஆக்ஸிஜனைப் பிடித்தார். டாக்டரும் வந்துவிட்டார். நான் ஸ்டூலை விட்டு எழுந்தது ஞாபகம் இருக்கிறது. வேறு எதுவும் சரியாக ஞாபகம் இல்லை. எவ்வளவு நேரம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கண்ணையும் கையையும் நிறத்தையும் தனித்தனியாக மனதில் வைத்திருந்தாளே ஜெயந்தி, அதுவும் தனியாக... எப்படி?

அவள் திரும்பி வந்தபோது குழந்தை மறுபடி ரோஜா நிறம். சுரேஷின் முகத்தில்தான் ரத்தமே இல்லை.

"நீ சொன்ன மாதிரியேதான்" என்றான். அவள் அவன் தோளில் கையை வைத்தாள். நானாக இருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன்!

கால்சியம் மிகவும் குறைவு என்று ரிசல்ட் வந்தது. மானிட்டரைப் பார்த்தபடியே நரம்பு வழியாக மிக மெதுவாக மருந்து ஏற்றினார்கள். அடுத்த நாள் தலைக்கு ஸ்கேனும் எடுத்தார்கள். அதில் எந்தக் கோளாறும் இல்லை. இன்ஃபெக்ஷனும் இல்லை.

அதன்பிறகு டாக்டர் ஜெயந்தியைக் கையை நீட்டச் சொன்னார். அவளுக்கும் ரத்தப் பரிசோதனை.

"எனக்கா? எனக்கு ஒண்ணும் இல்லயே டாக்டர். இடுப்பு வலி உண்டு. அது பிரசவத்துனால அல்லே?"

இல்லை. அவள் உடம்பில் வைட்டமின் டி அடிமட்டத்தில் இருந்தது. அம்மாவிடம் இல்லாதது வயிற்றில் இருந்த குழந்தைக்கும் போய்ச் சேரவில்லை. அது இல்லாமல் குழந்தையின் உடம்பில் கால்சியம் நிற்கவில்லை. அதனால் வலிப்பு. வலிப்பில் மூச்சுத் தடுமாற்றம்.

திருவனந்தபுரத்தில் வெயிலுக்கா பஞ்சம்? குடை பிடித்து, முகத்தைத் துப்பட்டாவால் மூடி, வெயிலைத் திட்டிக்கொண்டே நடக்கிற ஊர் இது. ஆனால் ஜெயந்தி வேலை பார்த்தது ஜவுளிக்கடையின் கீழ்த்தளத்தில், ட்யூப்லைட் வெளிச்சத்தில். காலையில் கடை திறக்கும் முன் உள்ளே போனால் இருட்டிய பிறகுதான் வெளியே. கர்ப்பம் முழுக்க அப்படித்தான்.

அவள் அழ ஆரம்பித்தாள். "அப்ப என்னாலதானா? என் பால் குடிச்சுதானா?"

"மோளே, பால் நிறுத்தவே கூடாது. நிறைய குடு. உனக்கும் மருந்து, கொச்சுக்கும் துளி மருந்து. கண்டுபிடிச்சாச்சு அல்லே? இனி எந்தினா அழறது?"

எல்லோருக்கும் இப்படிக் கண்டுபிடித்துச் சொல்ல முடிவதில்லை என்பதையும் அங்கேயே பார்த்தேன். பக்கத்துக் கட்டிலில் வித்துராவிலிருந்து வந்த ஒரு பெண். அவள் குழந்தைக்கும் மூச்சு ஒரு முறை நின்று வந்திருக்கிறது. செய்ய வேண்டிய பரிசோதனைகள் எல்லாம் செய்துவிட்டார்கள், எல்லாமே நார்மல். டிஸ்சார்ஜ் ஆகிப் போகும்போது அவள் முகத்தில் சந்தோஷத்தைவிடக் கலக்கம்தான் அதிகம் இருந்தது. பெயருள்ள நோயோடுகூட நாம் சமாதானமாகிவிடுகிறோம். 'ஒன்றும் இல்லை' என்பதோடு வாழ்வதுதான் கஷ்டம்.

எங்கள் மாடிக் குழந்தை ஒரு வாரத்தில் வீடு வந்தது. பிறகு அந்த மாதிரி வரவில்லை. ஜெயந்தி கொஞ்ச நாள் வைத்த கண் வாங்காமல் உட்கார்ந்திருந்தாள். சுரேஷ் லீவு போட்டு, முறை வைத்து அவளைத் தூங்க அனுப்பினான்.

போன வாரம் மறுபரிசோதனை. நானும் கூடப் போனேன். கால்சியம் சரியாகிவிட்டது. பெரிய டாக்டர் வருவதற்குள் ஒரு புது ஜூனியர் டாக்டர் வந்தார். பேனாவைத் திறந்துகொண்டு சுரேஷைப் பார்த்துக் கேட்டார்: "குழந்தைக்கு என்ன நடந்தது?"

சுரேஷ் இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

"அவகிட்டக் கேளுங்க டாக்டர். அவதான் பாத்தா."

ஜெயந்தி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். நடுவில் யாரும் பேசவில்லை... நான் உட்பட.