வேலிக்குள்ளால் போன வெள்ளம்

நேர்ஸ் அன்ரியின் கொக்கத்தடி இப்போது எங்கள் விறாந்தையில் சாத்தியிருக்கிறது. ஆட்டுக்குப் பூவரசங்குழை பறிக்க அவர் வைத்திருந்த, நுனியில் கொக்கி கட்டிய தடி.

கோப்பாயில் எங்கள் ஒழுங்கை, பட்டணம் பெருகி வந்து தொட்ட ஒரு சின்னத் தெரு. வெளிநாட்டுக் காசு வர வர வேலிகள் போய் மதில்கள் எழும்பின. எங்கள் வீட்டிலும்தான். ஒழுங்கை பள்ளமாகி முடியும் இடத்தில், குளத்துக்கு முன்னால் இருந்த அன்ரியின் வீட்டு வளவுக்கு மட்டும் கிளுவையும் பூவரசும் நட்ட வேலி. ஓய்வுபெற்ற தாதி, தனியாள். காலையில் அந்த வேலியோடு கதைத்துக்கொண்டுதான் குழை முறிப்பார். கனடாவிலிருந்து மகன் மதில் கட்ட ஏற்பாடு செய்த மேசன்மாரைத் தேத்தண்ணி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்.

“உங்கடை வேலியாலை ஒழுங்கையின்ரை வடிவே கெடுது” என்று எதிர்வீட்டு மாஸ்டர் பகிடி விட்டார்.

“மதில் என்ரை ஆட்டுக்குக் குழை தருமோ மாஸ்டர்?” என்றார் அன்ரி.

ஒரு வருடம் கார்த்திகை மழைக்கு, மதில்களால் வளவுகளுக்குள் பரவ வழியில்லாத வெள்ளம் ஒழுங்கையில் நிறைந்து, கேற்றுக்குள்ளால் எங்கள் வீட்டுக்குள் ஏறியது. பாரிசவாதத்தில் படுத்திருந்த அம்மாவின் கட்டில் கால்கள் நனைந்தன. என்னால் தனியே அவரைத் தூக்க முடியாது. உதவிக்கு ஆள் தேடி வாசலுக்கு ஓடினேன். அன்ரி முழங்கால் தண்ணீரில் நின்று, வேலியடியில் அடைத்திருந்த சொப்பிங் பைகளையும் சருகுகளையும் அந்தத் தடியால் இழுத்து எறிந்துகொண்டிருந்தார். இழுக்க இழுக்க, தண்ணீர் வேலியில் நட்ட கதியால் தடிகளுக்கு இடையால் அவர் முற்றத்தில் பாய்ந்து குளத்தை நோக்கிப் போனது. அவர் நட்ட மிளகாய்க் கன்றுகளும் அதோடு போயின.

“உங்கடை வளவெல்லே பாழாகுது” என்றார் மாஸ்டர், தன் மதிலுக்கு மேலால்.

“அது குளத்துக்குப் போற வழி. விசா கேட்டு மறிக்கச் சொல்லுறியளோ? நிண்டு பாக்காமல் இறங்குங்கோ.”

மாஸ்டர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பிறகு மற்றவர்களும் வந்தார்கள். பொழுதுபட முன், அம்மாவின் படுக்கையைத் தொடாமலே, எங்கள் வீட்டுத் தண்ணீர் வடிந்துவிட்டது.

இயற்கையைக் காக்க வேண்டும் என்று அன்ரி ஒருநாளும் சொல்லி நான் கேட்டதில்லை. தினமும் தொட்டுப் பழகிய வேலி அது. அதன் அடியில் தண்ணீர் எப்படிப் போகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பழக்கம்தான் அன்று ஒரு ஒழுங்கையையே காப்பாற்றியது.

போன வருடம் அன்ரி காலமானார். செத்தவீட்டுக்கு வந்த மகன் மதில் கட்ட அளந்தபோது, நாலு பேர் முன் வாய் திறக்காத நான் போய், “தம்பி, ஒழுங்கைப் பக்கத்து வேலியை மட்டும் விடுங்கோ” என்றேன்.

“அம்மாவும் அதைத்தான் சொன்னவ. இனி ஆர் அக்கா வேலியைப் பாக்கிறது?”

“நான் பாக்கிறன்.”

அவர் அளவு நாடாவைச் சுருட்டினார். பிறகு உள்ளே போய்த் தடியை எடுத்து வந்து என் கையில் தந்தார்.

இன்று காலையிலிருந்தே வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. எதிர்வீட்டிலிருந்து மாஸ்டரின் குரல் கேட்கிறது.

“பிள்ளை, நேர்ஸின்ரை தடியை எடும். நானும் வாறன்.”